மாறாதது எது என்று முதலில் கேளுங்கள்

ஒரு சிறிய கணக்கோடு தொடங்குவோம். உங்கள் வகுப்பில் 40 மாணவர்கள். ஒவ்வொருவரும் பிறந்து எத்தனை நாட்கள் ஆகின்றன என்ற பட்டியல் கையில் இருக்கிறது. அதைக்கொண்டு எல்லோருடைய வயதையும் வினாடிகளில் சொல்ல வேண்டும். ஒரு நாளுக்கு 24 மணி. ஒரு மணிக்கு 60 நிமிடம். ஒரு நிமிடத்துக்கு 60 வினாடி. ஆகவே கணக்கு இதுதான்:

நாட்கள் × 24 × 60 × 60

கமலா முதல் பெயரிலிருந்து தொடங்குகிறாள். நாட்களை 24 ஆல் பெருக்குகிறாள், பிறகு 60 ஆல், மறுபடியும் 60 ஆல். ஒருவருக்கு மூன்று பெருக்கல் வீதம் 40 பேருக்கு 120 பெருக்கல்கள். முருகனோ பட்டியலைத் தொடுவதற்கு முன்பே 24 × 60 × 60 = 86,400 என்று ஓரத்தில் குறித்துக்கொள்கிறான். அதற்கு இரண்டு பெருக்கல்கள்; பிறகு ஆளுக்கு ஒன்று வீதம் 40. மொத்தம் 42தான்.

முருகன் கமலாவைவிட வேகமாகப் பெருக்கவில்லை. இந்தக் கணக்கில் ஆளுக்கு ஆள் மாறுவது எது, எல்லோருக்கும் மாறாமல் இருப்பது எது என்று முதலில் பிரித்துப் பார்த்தான், அவ்வளவுதான். கணக்கில் இதைவிட முக்கியமான பழக்கம் வேறில்லை என்பது என் கருத்து. இன்று இலட்சக்கணக்கான விவரங்களை அடுக்கி வைத்திருக்கும் தரவுத்தளங்களும் இதே பழக்கத்தை நம்பியே ஓடுகின்றன. அவை அதை எப்படிச் செய்கின்றன, எங்கே செய்ய மறுக்கின்றன என்று பார்த்தால் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

வழி தேடுவது யார்?

விவரங்களைக் கணிப்பொறியில் சேமித்து வைத்த தொடக்க காலத்தில், அவற்றை எடுக்கும் வழியையும் நிரல் எழுதுபவரே சொல்லித் தர வேண்டியிருந்தது. இந்தக் கோப்பைத் திற, இந்த இடத்துக்குப் போ, அடுத்ததை எடு என்று ஒவ்வொரு படியையும் எழுத வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் ஒரு புதிய கருத்தை வெளியிட்டார். விவரங்களை வரிசைகளும் பத்திகளும் கொண்ட பட்டியல்களாக வைப்போம். என்ன வேண்டும் என்பதை மட்டும் மனிதன் கேட்கட்டும். எப்படி எடுப்பது என்பதைக் கணிப்பொறி பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அவ்வாறு கேட்பதற்கான மொழியை அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வெளியிட்டனர். இன்று எஸ்.க்யூ.எல். என்ற பெயரில் உலகெங்கும் வழங்குவது அந்த மொழியின் வளர்ச்சியே.

மனிதன் வழியைச் சொல்லாவிட்டால் கணிப்பொறி அதைக் கண்டுபிடிக்க வேண்டுமே! அதற்காகத் தரவுத்தளத்துக்குள் ‘திட்டமிடும் பகுதி’ ஒன்று இருக்கிறது. நாம் கேட்கும் கேள்வியை, அதாவது வினவலை, அது முதலில் வாங்கிப் படிக்கிறது. ஒரே விடைக்குப் பல வழிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவை மதிப்பிட்டுக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கிறது. இதற்கான முறையை விளக்கிப் பாட்ரீசியா செலிங்கரும் உடன் பணியாற்றியவர்களும் 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பிற்காலத் திட்டமிடும் பகுதிகள் பலவற்றுக்கு அதுவே அடிப்படை.

10 லட்சம் வரிகள் கொண்ட ஒரு பட்டியல் இருப்பதாகக் கொள்வோம். அதில் ‘வினாடிகள்’ என்று ஒரு பத்தி. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட வரிகள் மட்டும் நமக்கு வேண்டும். நாம் எழுதும் நிபந்தனை:

வினாடிகள் > 7 * 24 * 60 * 60

(உடுக்குறி பெருக்கலைக் குறிக்கும்.) கமலாவைப்போல் வேலை செய்தால் வரிக்கு மூன்று வீதம் 30 லட்சம் பெருக்கல்கள். ஆனால் திட்டமிடும் பகுதி வலப்பக்கத்தைப் பார்க்கிறது. ஏழும் மாறிலி, இருபத்துநான்கும் மாறிலி. அவற்றின் பெருக்கற்பலனும் மாறிலியாகத்தான் இருக்கும். எனவே ஒரு வரியையும் தொடுவதற்கு முன்பே அந்தக் கோவையை 6,04,800 என்ற ஒரே எண்ணாக மடித்து வைத்துவிடுகிறது. இதற்கு ‘மாறிலி மடிப்பு’ என்று பெயர் சொல்லலாம். நிரல்களை எந்திர மொழிக்கு மாற்றும் மொழிமாற்றிகளிலும் இந்த முறை உண்டு. அத்துறையில் இத்தகைய செப்பனிடும் முறைகளை வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஃபிரான்சிஸ் ஆலன். 2006ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே.

எண்கள் மட்டுமல்ல, உண்மை பொய்களும் மடியும். ‘மதிப்பெண் 90க்கு மேல், மேலும் 1 > 2’ என்று ஒரு நிபந்தனை வந்தால், இரண்டாவது பகுதி எப்போதும் பொய். இரண்டும் உண்மையாக வேண்டும் என்பதால் மொத்தமும் பொய். திட்டமிடும் பகுதி அந்தப் பட்டியலைத் திறக்காமலே ‘ஒரு வரியும் இல்லை’ என்று சொல்லிவிடும். இப்படி யார் எழுதுவார்கள் என்று சிரிக்காதீர்கள். பல துண்டுகளைச் சேர்த்து வினவலை நிரல்களே உருவாக்கும்போது இப்படிப்பட்டவை வந்து சேர்வதுண்டு.

உண்மையான மிச்சம் எது?

30 லட்சம் பெருக்கல் என்றதும் மலைக்க வேண்டாம். உங்கள் வீட்டுக் கைப்பேசியே ஒரு வினாடியில் நூறு கோடிக்கு மேற்பட்ட எளிய கணக்குகளைச் செய்யவல்லது. பெருக்கலில் மிச்சமாவது சிறிய காசு. பெரிய மிச்சம் வேறிடத்தில் இருக்கிறது.

ஒரு தடித்த புத்தகத்தில் ‘ஒளிச்சேர்க்கை’ எங்கே வருகிறது என்று தேட வேண்டுமானால் என்ன செய்வீர்கள்? கடைசியில் உள்ள சொல்லடைவைப் பார்ப்பீர்கள். தரவுத்தளத்திலும் ஒரு பத்தியின் மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கிய அடைவு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வரிசையாக உள்ளதை ஒவ்வொரு முறையும் பாதியாக்கிக்கொண்டே போனால் 10 லட்சம் மதிப்புகளுக்கு நடுவே ஒன்றைக் கண்டுபிடிக்க 20 ஒப்பீடுகள் போதும். இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576 அல்லவா?

ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தானே அடைவைப் புரட்ட முடியும்! மாறிலியை மடித்து 6,04,800 என்ற எண் கைக்கு வந்துவிட்டால் அடைவில் நேரே அந்த இடத்துக்குப் போகலாம். இன்னொரு நன்மையும் உண்டு. எந்த மதிப்புகள் ஏறத்தாழ எத்தனை இருக்கின்றன என்ற புள்ளிவிவரச் சுருக்கத்தைத் தரவுத்தளம் வைத்திருக்கும். எல்லை எண் தெரிந்ததும் எத்தனை வரிகள் தேறும் என்று அது மதிப்பிடும். சிலவே தேறுமானால் அடைவு வழி நல்லது. பெரும்பாலானவை தேறுமானால் அடைவுக்கும் பட்டியலுக்குமாக அலைவதைவிட முதல் வரியிலிருந்து வரிசையாகப் படித்துவிடுவதே மேல்.

ஆகவே, மாறாததை முன்கூட்டியே அறிந்தால் நல்ல வழியைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. அதுதான் பெரிய மிச்சம்.

கணிப்பொறி தயங்கும் இடங்கள்

இப்போது முருகனின் கணக்குக்குத் திரும்புவோம். ‘நாட்கள் * 24 * 60 * 60’ என்று அப்படியே எழுதிக் கொடுத்தால் தரவுத்தளம் அதை 86,400 ஆக மடிக்குமா? பலரும் பயன்படுத்தும் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் மடிப்பதில்லை! அது கோவையை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. முதலில் வருவது நாட்கள் * 24. நாட்கள் என்பது மாறி. எனவே அந்தப் பெருக்கற்பலனும் மாறி. மாறியை 60 ஆல் பெருக்கினாலும் மாறிதான். மடிக்க இடமே இல்லை. அதையே ‘24 * 60 * 60 * நாட்கள்’ என்று எழுதிப் பாருங்கள். மாறிலிகள் மூன்றும் முதலில் சேர்ந்துகொள்வதால் 86,400 ஆக மடிந்துவிடுகிறது.

“பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாது என்று ஆறாம் வகுப்பிலேயே படித்தோமே, அது கணிப்பொறிக்குத் தெரியாதா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் படித்த விதிகள் முழுமையான எண்களுக்கு உரியவை. கணிப்பொறியில் இருப்பவையோ குறிப்பிட்ட இடத்துக்குள் அடக்கிய எண்கள். தசம எண்களுக்குப் பொதுவாக வழங்கும் வடிவத்தில் 15 அல்லது 16 இலக்கங்கள்வரைதான் துல்லியம். 1க்குப் பின் 16 பூச்சியங்கள் கொண்ட எண்ணோடு 1ஐக் கூட்டினால் அந்த 1 தொலைந்துபோகும். மறுபடி 1ஐக் கூட்டினாலும் தொலையும். ஆனால் 1 + 1 = 2 என்று முதலில் கூட்டிக்கொண்டு பிறகு சேர்த்தால் 2 தங்கிவிடும். ஒரே கூட்டலுக்கு இரண்டு விடைகள்! எனவே வரிசையை மாற்ற அது தயங்குகிறது.

முழு எண்களிலும் வழுக்கும் இடம் உண்டு. பல தரவுத்தளங்களில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதி கழிந்துவிடும். 101 / 2 என்பது 50. ‘மதிப்பெண் * 2 < 101’ என்ற நிபந்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். 50 மதிப்பெண் பெற்ற மாணவருக்கு 100 < 101; அவர் பட்டியலில் வருவார். இதைக் கணிப்பொறி தன்னிச்சையாக ‘மதிப்பெண் < 101 / 2’ என்று திருப்பி எழுதினால் நிபந்தனை ‘மதிப்பெண் < 50’ ஆகிவிடும். அவர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார். அது உதவித்தொகைப் பட்டியலாக இருந்தால்?

எந்த எண்ணையும் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம் என்பதுகூட இங்கே செல்லாது. தேர்வுக்கு வராதவரின் மதிப்பெண் இடம் காலியாக இருக்கும். காலி என்பதற்கு ‘தெரியாது’ என்று பொருள். தெரியாததைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் தரவுத்தளத்துக்கு விடை ‘தெரியாது’தான். எனவே ‘மதிப்பெண் * 0’ என்பதை 0 என்று மடிப்பது, வராத மாணவருக்குப் பூச்சியம் போடுவதற்கு ஒப்பாகும்.

இத்தகைய இடங்களில் தயங்குவதைக் கணிப்பொறியின் மந்தம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை நேர்மை என்பேன். வேகம் இரண்டாவது, விடை மாறாமல் இருப்பது முதலாவது.

நேரம் மாறிலியா?

எல்லாவற்றையும்விடச் சுவையான கேள்வி இது. வர்க்கமூலம் 49 என்றைக்கும் 7. அதை எப்போது வேண்டுமானாலும் மடிக்கலாம். ‘இப்போது மணி என்ன?’ என்பதை மடிக்கலாமா? சீட்டுக் குலுக்குவதுபோல் ஓர் எண்ணை எடுத்துத் தரும் செயலை மடிக்கலாமா?

போஸ்ட்கிரெஸ் இதற்காகச் செயல்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. என்றும் மாறாதவை முதல் வகை. வர்க்கமூலம் அதில் சேரும். ஒரு வினவல் முடியும்வரை மாறாதவை இரண்டாம் வகை; இப்போதைய நேரத்தைச் சொல்லும் செயல் அங்கே இருக்கிறது. அழைக்கும் ஒவ்வொரு முறையும் மாறக்கூடியவை மூன்றாம் வகை. குலுக்கல் எண் அதற்கு எடுத்துக்காட்டு. முதல் வகையை மட்டுமே திட்டமிடும்போது மடித்து நிலையாக வைத்துக்கொள்ளலாம்.

எல்லாத் தரவுத்தளங்களும் ஒரே இடத்தில் கோடு கிழிப்பதில்லை. மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரில் குலுக்கல் எண்ணைத் தரும் ‘ராண்ட்’ என்ற செயலை ஒரு வினவலில் எழுதினால் அது ஒரே ஒரு முறைதான் கணக்கிடப்படும். எல்லா வரிகளுக்கும் ஒரே எண் வரும். போஸ்ட்கிரெஸில் வரிக்கு வரி வேறு எண் வரும். பரிசுச் சீட்டுக்கு எண் போடுபவர் இதை அறியாவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்!

நேரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. போஸ்ட்கிரெஸின் கையேடே அதைப்பற்றி எச்சரிக்கிறது. ஒரு பட்டியலை உருவாக்கும்போது, ‘நேரம் எழுதாவிட்டால் அப்போதைய நேரத்தை நீயே நிரப்பிக்கொள்’ என்று சொல்லி வைக்கலாம். அதற்கு ‘நவ்’ என்ற செயலை அழைக்க வேண்டும். அதற்குப் பதிலாக ‘நவ்’ என்ற சொல்லை மேற்கோள் குறிகளுக்குள் ஒரு நேர மாறிலியாக எழுதிவிட்டால், படித்த அக்கணமே அது அன்றைய நேரமாக உறைந்துவிடும். பிறகு எத்தனை மாதம் கழித்து ஒரு வரியைச் சேர்த்தாலும், பட்டியல் உருவான நேரமே அதில் பதியும். பிழைச் செய்தி ஏதும் வராது. மாறுவதை மாறாதது என்று எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது.

இரண்டு கட்சிகள்

இனி என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். நிரல் எழுதுபவர்களிடையே இதைப்பற்றி இரண்டு கட்சிகள் உண்டு.

முதல் கட்சி சொல்வது: “கணிப்பொறிக்கு எதற்கு வீண் வேலை? நீயே பெருக்கி 604800 என்று எழுதிவிடு.” இது சிக்கனம்போல் தோன்றும், ஆனால் தவறான சிக்கனம். நாளை அதைப் படிப்பவருக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கை தவறி 608400 என்று எழுதிவிட்டால் யார் கண்டுபிடிப்பார்? ‘7 * 24 * 60 * 60’ என்று எழுதினாலோ, ஒரு வாரத்தின் வினாடிகள் என்பது பார்த்தவுடனே விளங்கும். கணிப்பொறி அதை ஒருமுறைதான் கணக்கிடப்போகிறது, நமக்கு நட்டமில்லை. தேர்வில் விடையை மட்டும் எழுதாமல் வழியையும் எழுது என்று ஆசிரியர் சொல்வது இங்கேயும் பொருந்தும்.

இரண்டாவது கட்சி சொல்வது: “எப்படியாவது எழுது, கணிப்பொறி எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளும்.” இது அதைவிடத் தவறு. எவற்றையெல்லாம் அது சரிசெய்யாது என்று மேலே பார்த்தோம். மாறிலிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதுவதும், அடைவு உள்ள பத்தியை ஒரு பக்கத்தில் தனியே விடுவதும், எது எதுவரை மாறாது என்று அறிந்திருப்பதும் எழுதுபவரின் கடமை. மதிப்பெண்ணின் எல்லை முழு எண்ணா, பாதியா என்பது அதைக் கேட்பவருக்குத்தான் தெரியும்; கணிப்பொறி அதை ஊகிக்கக் கூடாது.

ஆகவே, கணக்கை ஒளிக்காமல் எழுதுங்கள். ஆனால் மாறுவதையும் மாறாததையும் நீங்களே பிரித்து எழுதுங்கள்.

இந்தப் பழக்கத்தைக் கணிப்பொறி வகுப்புவரை காத்திருக்காமல் பள்ளிக் கணக்கிலும் அறிவியல் கூடத்திலும் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். தனி ஊசல் சோதனையை நினைத்துப் பாருங்கள். ஊசலின் நீளத்தை 4π² ஆல் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்து g கண்டுபிடிக்கிறோம். பத்து நீளங்களுக்குப் பத்து முறையும் பலர் 4 × 3.14 × 3.14 என்று மறுபடி மறுபடி பெருக்குகிறார்கள். 4π² என்பது 39.48 என்று ஒருமுறை குறித்துக்கொண்டால் போதாதா? அத்தோடு நில்லாமல் இன்னும் ஒரு படி சிந்தியுங்கள். π எங்கும் மாறாது. நீளமும் அலைவு நேரமும் ஒவ்வொரு அளவீட்டுக்கும் மாறும். g எந்த வகை? உங்கள் ஆய்வுக்கூடத்தில் அது மாறிலி. ஆனால் பூமத்திய ரேகையில் 9.78, துருவங்களில் 9.83, நிலவிலோ ஏறத்தாழ 1.62 மீ/வி². அதுவும் ‘ஓர் எல்லைவரை மாறாதது’தான். போஸ்ட்கிரெஸின் மூன்று வகைகளும் உங்கள் ஊசலிலேயே இருக்கின்றன!

செய்து பாருங்கள்

எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளம் கைப்பேசிகளில் பரவலாக இருக்கிறது. பள்ளிக் கணிப்பொறியிலும் இலவசமாக நிறுவலாம். ஆசிரியரின் உதவியோடு அதில் ஒரு சோதனை செய்யுங்கள். 100 டிகிரி செல்சியஸை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்ற, ‘9 / 5 * 100 + 32’ என்று கேளுங்கள். பிறகு ‘100 * 9 / 5 + 32’ என்று கேளுங்கள். ஒன்றில் 212 வரும், மற்றொன்றில் 132. மாறிலிகளைச் சேர்த்து எழுதச் சொன்ன நானே இங்கே உங்களை மாட்டிவிட்டேனா? எது பிழை, ஏன், அதை எப்படித் திருத்துவது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். விடைக்கு வேண்டிய துப்பு இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது.

போஸ்ட்கிரெஸ் கிடைத்தால் அதன் ‘எக்ஸ்பிளெயின்’ என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். ‘7 * 24 * 60 * 60’ என்று நீங்கள் எழுதிய நிபந்தனை, திட்டத்தில் 604800 என்று மடிந்து நிற்பதைக் கண்ணால் காணலாம். வரிசையை மாற்றி மாற்றி எழுதி, எப்போது மடிகிறது, எப்போது மடியவில்லை என்று ஒரு பட்டியல் தயாரியுங்கள். அடுத்த கணக்கைத் தொடங்குமுன், பேனாவை எடுத்தவுடன் எண்களைப் போடாமல், இதில் மாறாதது எது என்று ஒரு நிமிடம் பாருங்கள்.